ஆம்ட் கடிதமும் ஜோர்டனும்

ஆஹெனில வளர்ந்த எனக்குப் பத்து வயசிலேயே ஒரு வேலை இருந்தது: ஆம்ட்டிலிருந்து வாற கடிதங்களை வாசிச்சுச் சொல்றது. அம்மா கடையில நல்லா டொச் கதைப்பா. கடிதம் வந்தால் மட்டும் என்னட்ட நீட்டுவா. அவ ஒரு வரி வாசிக்கத் தொடங்கினாலும், "விடுங்கோ, நான் பாக்கிறன்" எண்டு பறிச்சிடுவன்.

அம்மா தனியாள் இல்லை. 2018 லியோ ஆய்வின்படி ஜெர்மனியில் 62 இலட்சம் பெரியவர்கள் வாசிக்க, எழுதச் சிரமப்படுகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டொச்தான் முதல் மொழி.

இந்த எபிசோட்டில் கேட்ட ஓட்டோடியூட்டர், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்ட் கிரேசர் குழு உருவாக்கிய மென்பொருள். வாசிப்பில் தடுமாறும் பெரியவர்களுக்கென்றே அதில் 35 பாடங்கள் செய்தார்கள். திரையில் ரெண்டு பேர்: ஆசிரியை கிறிஸ்டினா, கூடப் படிக்கும் ஜோர்டன். இருவரும் வாய்விட்டுப் பேசுவார்கள். நீங்கள் பெரும்பாலும் கிளிக் செய்தால் போதும். சில இடங்களில் உங்கட பிழையான பதிலையே ஜோர்டனும் சொல்வான். கிறிஸ்டினா திருத்துவது அவனை. உங்களுக்கு வெட்கமில்லை, பாடமும் விளங்கிடும்.

அது ஆங்கிலத்துக்கானது. டொச்சுக்கு ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேகளின் இலவச லேர்ன்போர்ட்டால் இருக்கு. அங்கே ஜோர்டன் இல்லை. பயிற்சிகளோடு, உதவிக்கு மனித ஆசிரியர்கள் இருக்கினம்.

அடுத்த கடிதம் வந்தால் பறிக்காதேங்கோ. "யார் அனுப்பினது? எப்ப பதில் குடுக்கோணும்?" எண்டு மட்டும் கேளுங்கோ. அம்மா பிழை விட்டால், "நானும் அப்பிடித்தான் நினைச்சன், திரும்பப் பாப்பமா?" எண்டு சொல்லுங்கோ.

வீட்டு ஜோர்டன் நீங்கள்தான்.