48 மில்லிசெகண்டுக்கு ஓர் அடி

மூச்சை நிதானமாக இழுங்கள். இங்கே காற்று பாதிதான்! சிலி நாட்டின் அத்தகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயர மேட்டுநிலத்தில் ஆல்மா தொலைநோக்கியின் 66 வெள்ளை ஆன்டெனாக்கள் ஒன்றாகத் தலை திருப்புகின்றன. பெரியவை ஒவ்வொன்றும் 12 மீட்டர் அகலம், சுமார் 100 டன். மெய்சிலிர்க்கிறதா? சிலிர்த்தது போதும், உள்ளே வாருங்கள். என் ஆசையெல்லாம் அவற்றை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர்கள் மேல்தான்.

முதலில் கோரிலேட்டர். ஆன்டெனாக்களின் சிக்னல்களைக் கோத்துப் பார்க்கும் ராட்சதன்; 13.4 கோடி செயலிகள். ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றுகூடக் கிடையாது! டிஸ்க்கைப் படிக்கும் முனை காற்று மெத்தையில் மிதப்பது. இந்த உயரத்துக் காற்றுக்கு அதைத் தாங்கும் தெம்பில்லை, முனை போய் மோதிவிடும். மனிதருக்கு ஆக்சிஜன் சிலிண்டர், மெஷினுக்கு டிஸ்க் விரதம்.

ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ஒரு ரியல்-டைம் கம்ப்யூட்டர். கருவிகளோடு அது பேசுவது கேன் பஸ் என்ற தகவல் தடம் வழியாக. நம் கார்களுக்குள் ஓடுகிறதே, அதே சங்கதி. எல்லோருக்கும் 48 மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு வந்து சேரும். கோலாட்டம் பார்த்திருப்பீர்கள், யாரும் யாருக்கும் "இப்போ அடி" என்று சொல்வதில்லை, அடுத்த அடி எங்கே என்று முன்பே தெரியும். இங்கும் அதேதான். "இப்போது திரும்பு" என்றால் அந்தக் கட்டளை நெட்வொர்க்கில் எங்காவது சிக்கித் தாமதமாகும். ஆகவே "இன்ன அடியில் இன்ன இடத்தில் இரு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். கட்டளை சற்று முன்பின்னாக வந்தாலும் கோல்கள் ஒன்றாகவே மோதும்.

இதில் ஒரு வில்லங்கம். துடிப்பின் மேல் நம்பர் எழுதியிருக்காது. கம்ப்யூட்டர்தான் எண்ணிக்கொண்டே வர வேண்டும். ஒன்றே ஒன்றைத் தவறவிட்டால்? அந்த 48 மில்லிசெகண்டில் பூமி சுழல்வதால் வானம் 0.72 ஆர்க்செகண்ட் வரை நகர்ந்திருக்கும். ஆன்டெனா குறிபார்ப்பதில் எதிர்பார்க்கும் துல்லியமோ 0.6. ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு!

ஆனால் நான் சொக்கிப்போனது வேறொன்றில். ஆன்டெனாக்கள் 16 கிலோமீட்டர் வரை பரந்து நிற்கும். சிக்னல்களை ஒப்பிடத் தேவையான லேசர் ஒளி கண்ணாடி இழையில் அவற்றுக்குப் போகிறது. வெயிலில் இழை நீளும், குளிரில் சுருங்கும், ஆன்டெனா திரும்பினால் முறுக்கும். இங்கே பிடிப்பதோ மில்லிமீட்டர் அலைகளை; இழை துளி நீண்டாலும் கணக்கு பிசகும். அதனால் போன ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி வரவழைத்து, பாதை எவ்வளவு மாறியது என்று அளக்கிறார்கள். கூடினால் இழையைத் தளர்த்த, குறைந்தால் இழுத்து நீட்ட ஒரு கருவி. ஆமாம், கண்ணாடியைத்தான் இழுக்கிறது! வீணையின் பிரடையைத் திருகுவதுபோல, வாசிப்பு நடக்கும்போதே.