அந்தமான் கள்ளி
யூபோர்பியா எபிஃபில்லாய்டிஸ்

உலகில் அந்தமான் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் கள்ளி இது. 1866-ல் இத்தீவுகளின் தாவரங்களை ஆராய்ந்த சுல்பிஸ் குர்ஸ் இதற்குப் பெயர் சூட்டினார்.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் தீவில் கள்ளியா? ஜனவரி முதல் ஏப்ரல் வரை இங்கே மழை குறைவு. அந்த மாதங்களைக் கடக்கத் தண்டில் நீரைச் சேமிக்கிறது. வறண்ட நிலக் கற்றாழையோ நீரை இலையில் சேமிக்கிறது. இரண்டும் உறவில்லாத செடிகள், தாகம் ஒன்றுதான்.

வளர்ப்பு: வெட்டிய தண்டில் பால் வடிந்து, காயம் உலர்ந்த பிறகே மணல் கலந்த மண்ணில் நட வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

எச்சரிக்கை: பால் கண்ணுக்குக் கேடு. கிளையை ஒடிக்காதீர்கள். அரிய செடி, இத்தீவுகள் இதை இழந்தால் உலகமே இழக்கும்.