புகையற்ற உந்துமருந்து

தோட்டாவினுள் எரிந்து, அப்போது உண்டாகும் வாயுவின் அழுத்தத்தால் குண்டைக் குழல் வழியே வெளியே தள்ளும் பொருள் உந்துமருந்து எனப்படும். எரியும்போது மிகக் குறைந்த புகையே வெளியிடும் வகை புகையற்ற உந்துமருந்து ஆகும். இதன் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது மட்டும் இருந்தால் ஒற்றை அடிப்படை மருந்து. அதனுடன் நைட்ரோகிளிசரின் சேர்ந்தால் இரட்டை அடிப்படை மருந்து. பேச்சு வழக்கில் தூள் என்று சொன்னாலும் இது தூளாக இருப்பதில்லை. சிறு குச்சி, துளையிட்ட குழாய், தட்டை, உருண்டை என்று வெவ்வேறு வடிவங்களில் வார்க்கப்படுகிறது. நீலகிரி மாவட்டத்தில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக இத்தகைய மருந்து தயாரிக்கப்பட்டு வருகிறது.

எரியும் வேகம்

தோட்டாவில் உள்ள மருந்து ஒரே கணத்தில் வெடித்துச் சிதறுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஒவ்வொரு துணுக்கும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரிகிறது. ஆகவே துணுக்கின் பருமனும் வடிவமும் எரியும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. மெல்லிய தட்டைத் துணுக்கு சட்டென்று எரிந்து தீரும். தடித்த குச்சி மெல்ல எரியும். நடுவே துளை உள்ள துணுக்கில் வெளிப்பரப்பு சுருங்கச் சுருங்கத் துளையின் பரப்பு விரிவதால், வாயு ஏறக்குறைய சீராக வெளிவரும். மேற்பரப்பில் பூசப்படும் வேதிப்பொருள்களும் தொடக்க எரிதலை மட்டுப்படுத்தும்.

அறையில் அழுத்தம் கூடக்கூட எரிதலும் வேகம் பிடிக்கும். குண்டு நகர்ந்து இடம் விட்டால் அழுத்தம் தணியும். கனமான குண்டு தயங்கி நகரும். இலகுவான குண்டு விரைந்து விலகும். கைத்துப்பாக்கிக்கான விரைவு மருந்தை ரைஃபிள் தோட்டாவில் நிறைத்தால், குண்டு சிறிது நகர்வதற்குள் அழுத்தம் எல்லை மீறி உச்சத்துக்குப் போய்விடும். துப்பாக்கியின் அறை பிளந்து, சுடுபவரின் கண்ணையோ கையையோ பறிக்கக்கூடும். மாறாக, மெல்ல எரியும் மருந்தைக் குட்டைக் குழல் கைத்துப்பாக்கியில் இட்டால் பாதி எரியாமலே வாய்வழியே தீப்பிழம்பாக வெளியேறும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான விஜயந்தா டாங்கியின் 105 மி.மீ. பீரங்கிக்கும் இதே விதிதான். அதன் மருந்துத் துணுக்குகள் ரைஃபிள் மருந்தைவிடப் பன்மடங்கு பெரியவை.

கரிமருந்திலிருந்து கார்டைட் வரை

பழைய கரிமருந்து எரிந்தபின் பாதிக்கும் மேற்பட்ட எடை திடப்பொருளாக எஞ்சும். வெண்புகையாகப் பறப்பதும் குழலில் கரியாக ஒட்டுவதும் அதுதான். சுடும் வீரன் இருக்குமிடத்தைப் புகையே காட்டிக்கொடுத்தது. பிரான்சின் பால் வியே 1884-இல் முதல் வெற்றிகரமான புகையற்ற மருந்தை உருவாக்கினார். ஆல்ஃபிரட் நோபல் 1887-இல் பாலிஸ்டைட்டைக் கொண்டுவந்தார். 1889-இல் பிரித்தானியாவில் ஃபிரெடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டூவரும் கார்டைட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். தமது கண்டுபிடிப்பு அபகரிக்கப்பட்டதாக நோபல் தரப்பு வழக்குத் தொடுத்து, 1895-இல் பிரபுக்கள் அவையில் தோற்றது. கயிறு போன்ற இழைகளாகப் பிழியப்பட்டதால் கார்டைட் என்று பெயர். .303 தோட்டா ஒன்றில் ஏறத்தாழ 60 இழைகள், மொத்தம் சுமார் 2 கிராம் மட்டுமே இருந்தன.

புதிய மருந்து குண்டுக்குக் கூடுதல் வேகம் தந்தது. ஆனால் துப்பாக்கியைக் கெடுத்தது. அப்போதைய லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளின் குழலில் இருந்த ஆழமற்ற, வட்ட விளிம்புள்ள சுழல்வரிகள் கரிமருந்தின் அழுக்கைச் சமாளிக்க வடிவமைக்கப்பட்டவை. கார்டைட்டின் கடும் வெப்பம் அவற்றை விரைவில் அரித்துவிட்டது. 1895-இல் ஆழமான ஐந்து சுழல்வரிகளுடன் லீ-என்ஃபீல்ட் வந்தது. மருந்துக்காகத் துப்பாக்கியை மாற்றினார்கள். பின்னர் துப்பாக்கிக்காக மருந்தையும் மாற்றினார்கள். 58 விழுக்காடாக இருந்த நைட்ரோகிளிசரினை 30 ஆகக் குறைத்து, வெப்பம் தணிந்த கார்டைட் எம்.டி. 1901 வாக்கில் வந்தது. அரிப்பைக் குறைப்பதுதான் அதன் நோக்கம்.

இந்தக் காலகட்டத்தில்தான் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை 1904-இல் தொடங்கியது. குன்னூர் வரை மலை ரயில் 1899-லேயே வந்துவிட்டது. அது உதகைக்கு நீண்டது 1908-இல். அருவங்காடு இன்றும் அந்தப் பாதையில் ஒரு நிலையம். அருகிலுள்ள காட்டேரி அருவியில் அமைத்த நீர்மின் நிலையம் ஆலைக்கு மின்சாரம் தந்தது. வெப்பத்தில் மெல்லச் சிதையும் இயல்புள்ள பொருளுக்குச் சமவெளியைவிட மலையின் குளிர் இசைவானது. 2021 அக்டோபர் 1-இல் பீரங்கித் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

மருந்து மாறியதால் வந்த கேடு

அமெரிக்காவின் எம்-16 ரைஃபிள் குச்சி வடிவ மருந்தை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. படைக்கு வழங்கும்போது தோட்டாக்களில் உருண்டை மருந்து நிரப்பப்பட்டது. வேகம் என்னவோ கணக்குப்படி வந்தது. ஆனால் குழலிலிருந்து வாயுவை எடுத்து இயங்கும் அந்த ரைஃபிளில் சுடும் வீதம் கூடியது, அழுக்கும் கூடியது. குண்டு போன பிறகு காலிக் கூடு அறையில் சிக்கிக்கொண்டது. வியட்நாமில் செயலிழந்த துப்பாக்கியோடு வீரர்கள் மாண்டனர். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து, மருந்து மாற்றத்தை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. அறைக்குக் குரோமியம் பூசாததும், துப்புரவுக் கருவிகள் தராததும் மற்றக் காரணங்கள். உருண்டை மருந்து மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது. அந்தத் துப்பாக்கியோடு சேர்த்துச் சோதிக்காமல் மாற்றியதுதான் பிழை.

கையால் தோட்டா நிரப்புவோர் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இலக்குச் சுடுவோர் பலர் காலிப் பித்தளைக் கூட்டில் புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டுத் தோட்டாவைத் தாமே நிரப்புகின்றனர். அவர்கள் முதலில் பார்ப்பது கூட்டின் கொள்ளளவையும் குண்டின் எடையையும். .223 போன்ற சிறு கூட்டுக்கு ரைஃபிள் மருந்துகளில் ஓரளவு விரைவானது ஏற்கும். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போலப் பெரிய கூடும் ஒடுங்கிய குழலும் உள்ளவற்றுக்கு மெல்ல எரிவது வேண்டும். பிறகு மருந்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணையைத் திறக்கிறார்கள். அதில் இல்லாத சேர்க்கையை முயல்வதில்லை. உச்ச அளவிலிருந்து பத்து விழுக்காடு போலக் குறைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றுவது பொது வழக்கம். பிரைமர் தட்டையாக நசுங்கினாலோ, பூட்டைத் திறக்கக் கை திணறினாலோ அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று அறிந்து நிறுத்திவிட வேண்டும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்குவதும் ஆபத்தே. மெல்ல எரியும் சில மருந்துகள் அப்போது தாறுமாறாக எரியும்.

கூட்டை ஏறக்குறைய நிறைக்கும் மருந்தை அனுபவசாலிகள் விரும்புகின்றனர். கவனம் தவறி இருமுறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுக்கும் அல்லவா! எண்ணை மட்டும் நம்புவதும் கூடாது. ஐ.எம்.ஆர். 4350, எச் 4350 இரண்டும் பெயரில் சகோதரர்கள்; எரிவதில் வேறு வேறு. ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு எடுக்க முடியாது. நிறத்தாலும் மணத்தாலும் மருந்தை அடையாளம் காண இயலாது என்பதால், பெயர் அழிந்த டப்பாவில் இருப்பதைப் பயன்படுத்தக் கூடாது. மிச்சமிருக்கும் இரண்டு மருந்துகளைக் கலக்கவும் கூடாது.

வெயிலும் வயதும்

ஒரே தோட்டா குளிரில் ஓர் அழுத்தமும், சித்திரை வெயிலில் வண்டிக்குள் கிடந்தபின் அதைவிட உயர்ந்த அழுத்தமும் தரும். உச்ச அளவில் நிரப்பிய தோட்டா வெயிலில் எல்லையைத் தாண்டிவிடலாம். வெப்பநிலை மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படாத மருந்துகளும் விற்பனைக்கு உள்ளன.

நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் சிதைந்து அமிலப் புகையை வெளியிடும். அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். தானே தீப்பற்றவும் கூடும். தூலோன் துறைமுகத்தில் 1907-இல் 'இயேனா', 1911-இல் 'லிபெர்த்தே' என்ற இரு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்ததற்கு இத்தகைய சிதைவே காரணமாகக் கருதப்பட்டது. அமிலத்தை உறிஞ்சும் டைஃபீனைல் அமீன் போன்ற நிலைநிறுத்திகள் இப்போது சேர்க்கப்படுகின்றன. கார்டைட்டில் குழலுக்கு மசகாகச் சேர்த்த வாசலின், எதிர்பாராத வகையில் நிலைநிறுத்தியாகவும் உதவியது. காரமான நெடி, துருநிறப் புகை, கூட்டில் பச்சைப் படலம் ஆகியவை கெட்ட மருந்தின் அறிகுறிகள்.

இந்தியாவில்

படைக்கலச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். வெடிபொருள்களை வைத்திருப்பது வெடிபொருள் சட்டம், 1884-இன் கீழ் வருகிறது; நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் அதைக் கண்காணிக்கிறது. இங்குள்ள விளையாட்டு வீரர்களுள் பெரும்பாலோருக்குக் கையால் நிரப்பும் தேவையும் எழுவதில்லை. 10 மீட்டர் காற்று ரைஃபிளில் மருந்தே கிடையாது. 50 மீட்டர் போட்டியின் .22 தோட்டாவில் தீமூட்டும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அடித்து நசுக்கிய அந்த விளிம்பை மீண்டும் நிரப்ப முடியாது. எனவே அவர்களுடைய தேர்வு மருந்தில் இல்லை. ஒரே வகையில் வெவ்வேறு தொகுதி எண்ணுள்ள தோட்டாக்களை வாங்கி, தம் ரைஃபிளில் எது மிக நெருக்கமாகக் குழுமி விழுகிறது என்று சுட்டுப் பார்த்து, அந்தத் தொகுதியையே போட்டிக்கு மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.