உஷார்! உங்கள் வீட்டுக் குழப்பத்துக்கு வெளியே விலை பேசுகிறார்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். பையன் பெயர், படித்த பள்ளி, எடுத்த குரூப் எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். "அம்மா, தம்பியை எதுல சேர்க்கப் போறீங்க?" என்று கனிவாக ஒரு கேள்வி. "இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலைங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டால் போதும். அவர்களுக்கு வேண்டிய பதில் அதுதான். அடுத்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் பளபளவென்று பிரசுரம் வந்து இறங்கும். சாயங்காலத்துக்குள் "நாளைக்கே அட்வான்ஸ் போட்டாத்தான் சீட்" என்ற நெருக்கடியும் தொடங்கிவிடும்.

பதினேழு வயதில் என்ன படிப்பது என்று தெரியாமல் நிற்பது குற்றமில்லை. ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் நிற்கிறார்கள். ஆனால் மே முதல் ஆகஸ்ட் வரை அட்மிஷன் புரோக்கர்களின் பிழைப்பு ஓடுவது இந்தத் தெரியாமையில்தான். முடிவு தள்ளிப்போனால் சில வாரம்தான் போகும். முடிவு எடுக்காத நிலையில் பணமும் ஒரிஜினல் சான்றிதழும் கைமாறினால் போவது வருடக்கணக்கு!

"ரெண்டே சீட்தான் சார் இருக்கு!"

இதுதான் முதல் தூண்டில். பொறியியலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்கு விடுகின்றன. அவை டி.என்.இ.ஏ. என்னும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு மூலம் நிரம்பும். ஆண்டுதோறும் கலந்தாய்வு முடிந்த பிறகும் பல்லாயிரம் இடங்கள் காற்று வாங்குகின்றன. துணைத்தேர்வு எழுதி வருபவர்களுக்குத் துணைக் கலந்தாய்வும் உண்டு. நல்ல கல்லூரியில் நல்ல பிரிவுக்குப் போட்டி இருப்பது உண்மைதான். ஆனால் ரெண்டே சீட் என்று வலியப் போன் செய்து விற்கிறார்கள் என்றாலே, அங்கே ஆள் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் உட்கார்ந்துவிட்டால் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. இரண்டுமே கலந்தாய்வில் போனால்தான். "சலுகையெல்லாம் நாங்க வாங்கித் தர்றோம்" என்று புரோக்கர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். தனியார் கல்லூரியில் நன்கொடை கேட்பதே 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

"அரசுப் பதிவு பெற்றது" என்றால்?

பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள். "அரசுப் பதிவு பெற்றது", "ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்றது", "எம்.எஸ்.எம்.இ. பதிவு" என்று வரிசையாக முத்திரைகள் இருக்கும். அறக்கட்டளையைப் பதிவு செய்தாலும் அரசுப் பதிவுதான். சிறுதொழிலாகப் பதிந்தாலும் அரசுப் பதிவுதான். இவற்றில் ஒன்றுகூட அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் ஆகாது.

ஒவ்வொரு படிப்புக்கும் கேட்க வேண்டிய வாசல் வேறு. பொறியியல், பாலிடெக்னிக்குக்கு ஏ.ஐ.சி.டி.இ.; 2024-25 முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ.வும் அதன் கீழ்தான். சட்டத்துக்கு இந்திய பார் கவுன்சில், பார்மசிக்கு பார்மசி கவுன்சில், பி.எட்.டுக்கு என்.சி.டி.இ. பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் அசல்தானா என்பதற்கு யு.ஜி.சி. இருக்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அது தன் இணையதளத்திலேயே போட்டு வைத்திருக்கிறது. கல்லூரிக்கு அனுமதி இருந்து, நீங்கள் சேரும் பிரிவுக்கு இல்லாமலும் போகலாம். ஆகவே கல்லூரி பெயரோடு நிறுத்தாமல், படிப்பின் பெயரையும் இந்த ஆண்டின் அனுமதியையும் சேர்த்தே பாருங்கள்.

அதிகம் அடிபடுவது நர்சிங்கில். ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. "ஒரே வருஷத்துல நர்ஸ்" என்று மாடிப்படி ஏறிப் போகும் இன்ஸ்டிடியூட்டில் படித்தால், வெள்ளை கோட்டும் பட்டமளிப்பு போட்டோவும் மிஞ்சும். நர்சாகப் பதிவு செய்ய நர்சிங் கவுன்சில் கதவு திறக்காது.

டாக்டர் கனவுக்கு ஃபிளைட் டிக்கெட்

நீட்டில் மதிப்பெண் குறைந்த வீடுகளைக் குறிவைத்தே ஒரு கூட்டம் அலைகிறது. "நீட் தேவையில்லை, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்." என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராக வேண்டுமானாலும் நீட் தகுதி கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும்; ஆங்கில வழியில் இருக்க வேண்டும்; அதன்பின் 12 மாதப் பயிற்சியும் அதே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிக்க வேண்டும். அந்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் செய்யும் தகுதியையும் அந்தப் பட்டம் தர வேண்டும். இவ்வளவும் தாண்டி ஊர் திரும்பினால், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான, 300-க்கு 150 எடுத்தால்தான் தேறும் எஃப்.எம்.ஜி. தேர்வு காத்திருக்கிறது. நிலத்தை விற்பதற்கு முன் இந்த விதிகளை ஒவ்வொன்றாக ஏஜென்டிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

கையை விட்டுப் போகக்கூடாதவை

ஒரிஜினல் சான்றிதழ்: மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் அடுத்தவர் பையில் போய்விட்டால், வேறு கல்லூரியில் இடம் கிடைத்தாலும் போக முடியாது. "வெரிஃபிகேஷனுக்கு" என்று கேட்டால் நகலைக் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். கல்லூரிகளே ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்பது யு.ஜி.சி. விதி. புரோக்கருக்கு என்ன உரிமை?

ஓ.டி.பி.: "சாய்ஸ் ஃபில்லிங் நானே போட்டுத் தர்றேன்" என்று லாகின் விவரமும் ஓ.டி.பி.யும் கேட்பவரிடம் கொடுத்தால், உங்கள் பிள்ளையின் விருப்பப் பட்டியலில் முதல் இடத்தில் அவருக்குக் கமிஷன் தரும் கல்லூரி நிற்கும். மாவட்டந்தோறும் டி.என்.இ.ஏ. சேவை மையங்கள் இருக்கின்றன. அங்கே போய் உதவி கேளுங்கள்.

கையெழுத்து: "நூறு சதவீத வேலை உறுதி" என்னும் கோர்ஸ்களில் பலவற்றில், "மாதத் தவணைதான்" என்று நீட்டப்படும் காகிதம் உண்மையில் அப்பா பெயரில் ஒரு கடன் விண்ணப்பம். கோர்ஸ் பாதியில் நின்றாலும் கடன் கொடுத்தவர் விட மாட்டார்.

ரசீது: கல்லூரிப் பெயர் இல்லாத துண்டுச்சீட்டில் "அட்வான்ஸ் 25,000" என்று பேனாவில் எழுதி, கீழே ஒரு கிறுக்கல். அது ரசீதே அல்ல. கல்லூரியின் வங்கிக் கணக்கைத் தவிர வேறு எதிலும், குறிப்பாகத் தனிநபர் ஜி-பே எண்ணில், பணம் போடாதீர்கள்.

குழப்பம் தீரவில்லையா? பரவாயில்லை

இன்றைக்குத் தேர்ந்தெடுப்பதோடு எல்லாக் கதவும் மூடிவிடாது. குரூப் 2-க்கோ ஐ.ஏ.எஸ்.ஸுக்கோ வங்கித் தேர்வுக்கோ பெரும்பாலும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் அதை முடிக்கலாம். டிப்ளமோ படித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு இருக்கிறது. எனவே தெளிவு இல்லாத பிள்ளைக்குச் செலவு குறைந்த, வழி அடைக்காத படிப்பாகப் பாருங்கள். சந்தேகத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணைக் கூப்பிடலாம். நான் முதல்வன் திட்டத்தின் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்குப் போகலாம். பிள்ளை யாரோடும் பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால், கல்லூரிப் பேச்சை நிறுத்திவிட்டு 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா?

கல்லூரிக்கே கட்டியிருந்தால் இன்றே எழுத்துமூலம் விலகல் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். நாள் தள்ளத் தள்ளத் தொகை குறையும். கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆகிவிட்டால் ஒன்றும் வராது. புரோக்கர் கையில் கொடுத்த பணத்துக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. காவல் நிலையம்தான் வழி. ஆன்லைனில் ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

இன்று மாலை அந்தப் போன் மறுபடி வந்தால், "கல்லூரிக்கு நேரில் வந்து, அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். நேர்மையானவர் முகவரி கொடுப்பார். மற்றவர் அத்தோடு போனை வைத்துவிடுவார்.