கரந்தை: வடவாற்றங்கரைத் தமிழும் அதன் வர்க்கப் பின்னணியும்

தஞ்சை நகரின் விளிம்பில், வடவாற்றை அண்டி அமைந்த குடியிருப்புப் பகுதி கரந்தை. கருந்திட்டைக்குடி என்பது அதன் பழம்பெயர். நகரினுள்ளே, மராட்டிய மன்னரது அரண்மனையில் வளர்ந்த சரசுவதி மகாலின் சுவடிகளுட் பெரும்பாலன வடமொழிக்குரியவை. அரசவைப் புலமை எம்மொழியைச் சார்ந்து நின்றது என்பதற்கு அதுவே சான்று. அவ்வரண்மனைக்குப் புறத்தே, ஆற்றங்கரைக் குடியிருப்பிலே, 1911 மே 14 அன்று கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது.

சங்கத்தை நிறுவியவர் இராதாகிருட்டிணனார். அவர்தம் தமையனார் த. வே. உமாமகேசுவரனார் 1941இல் மறையும்வரை தலைவராக விளங்கினார். அவர் வழக்கறிஞர்; நீதிக் கட்சியினர்; கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபட்டவர். குடியேற்ற ஆட்சியின் பள்ளிகளும் நீதிமன்றங்களும் உருவாக்கிய பிராமணரல்லாத மத்தியதர வர்க்கத்தின் பிரதிநிதியாகவே அவரைக் காணல் வேண்டும். மன்னர் கொடையை நம்பிய புலமையை அவ்வர்க்கம் தன் சொந்த முயற்சியாக்கிக் கொண்டது. 1925இல் 'தமிழ்ப் பொழில்' இதழ் வெளிவரலாயிற்று. 1937இல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சங்கம் குரலெழுப்பிற்று. இவற்றை வெறும் பழைமைவாதம் என ஒதுக்குவது, முற்போக்காளர் சிலரிடம் காணப்படும் அவசரமேயாகும்.

எனினும், அக்கழனி நாட்டில் பண்ணையாளும் வாழ்ந்தான். அவனுக்கு மொழி உரிமையினும் முந்திய சிக்கல் நிலமும் கூலியும் ஆகும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இலேதான் வந்தது. 1968 டிசம்பர் 25இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் விளைவாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்.

மாத்தளையிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வரலாறு அயலாருடையதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்ட நிலமற்றோர், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியே மாத்தளைவரை காட்டுப்பாதையில் நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். கரந்தையிற் சங்கம் கூடிய காலத்தில் அவர்தம் பேரப்பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவர்களிடமும் தமிழ் இருந்தது: தாலாட்டாக, கும்மியாக, ஒப்பாரியாக. தூய தமிழ் என்னும் அளவுகோலுக்கு அவை அகப்படுவனவல்ல. அப்பாடல்களைத் தொகுக்கும் பணியை, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரே பின்னர் மேற்கொள்ள வேண்டியிருந்தது.