துணியை வெட்டுறதுக்கு முன்னாடி: மாணவர் அனிமேஷன் குறும்படம், ஐடியாவிலிருந்து பிட்ச் வரை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

அவிநாசியிலிருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட், கடைசி வருஷம் படிக்கிற விஸ்காம், அனிமேஷன் மாணவர்களுக்கு. ஆனா பனியன் கம்பெனி சாம்பிள் ரூம்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது இன்னும் சீக்கிரம் புரியும். ஏன்னு போகப் போகச் சொல்றேங்க.

முதல்ல ஒரு செய்தி. கான் திரைப்பட விழாவுல, திரைப்படப் பள்ளி மாணவர்களுக்குன்னே லா சினெஃப்னு ஒரு பிரிவு இருக்கு. 2024-ல் அதுக்கு 555 பள்ளிகளிலிருந்து 2,263 படங்கள் வந்துச்சு. தேர்வானது 18. அதுல மூன்றாம் பரிசைப் பகிர்ந்துகிட்ட படங்கள்ல ஒண்ணு 'பன்னிஹுட்', அனிமேஷன் குறும்படம். இயக்கினவர் மீரட்டைச் சேர்ந்த மான்சி மகேஸ்வரி. நிஃப்ட்ல படிச்சிட்டு, இங்கிலாந்தில் இருக்கிற நேஷனல் ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் ஸ்கூலுக்குப் போனவர்.

அந்தப் படத்தோட கரு என்ன தெரியுமா? அம்மா நம்மகிட்ட பொய்யே சொல்ல மாட்டாங்கன்னு நம்புற ஒரு குழந்தை, திடீர்னு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வருது. அவ்வளவுதான். போரும் இல்லை, வேற்றுக்கிரகமும் இல்லை. ஒரு குழந்தை, ஒரு அம்மா, ஒரு பொய். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல்ல கணக்கு

சினிமாவுல ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். கையால வரையுற 2டி அனிமேஷன்ல, பெரும்பாலும் ஒரு படத்தை ரெண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவாங்க. அப்போ செகண்டுக்கு 12 படம். 5 நிமிஷப் படம்னா 300 செகண்ட், 3,600 படம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 15 படம் வரைஞ்சா 240 நாள். இதுல ஞாயிற்றுக்கிழமை இல்லை, செமஸ்டர் பரீட்சை இல்லை, கலர் இல்லை, சவுண்ட் இல்லை.

20 நிமிஷப் படம் பண்றேன்னு கிளம்புறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. பாதியில நின்ன 20 நிமிஷப் படத்தை எந்த ஸ்டுடியோவும் வேலை கேட்கும்போது பார்க்காது. முடிஞ்ச ரெண்டு நிமிஷப் படத்தைப் பார்க்கும். வீட்டுல கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருந்தா, இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லைங்க.

இதுக்குப் பெரிய உதாரணம் நிக் பார்க். மான்சி படிச்ச அதே பள்ளியில 1982-ல் தன் படிப்பு முடிக்கிற படமா 'எ கிராண்ட் டே அவுட்'டை ஆரம்பிச்சார். வாலஸ், குரோமிட் ரெண்டு பேரும் வர்ற முதல் படம் அதுதான். 23 நிமிஷம், களிமண் பொம்மை. முடிஞ்சது 1989-ல். நடுவுல ஆர்ட்மேன் ஸ்டுடியோ அவரை வேலைக்கு எடுத்து, படத்தையும் முடிக்க வழி பண்ணாங்க. அந்த மாதிரி ஒரு கை எல்லாருக்கும் கிடைக்காது. ஆனா ஒண்ணு கத்துக்கலாம். குரோமிட் நாய் முதல்ல பேசுறதாத்தான் யோசிச்சிருந்தார். வாயசைவைப் பண்றது பெரும்பாடுன்னு தெரிஞ்சதும் வாயையே எடுத்துட்டார். புருவத்தை வச்சே நடிக்க வச்சார். இன்னைக்கு அந்த மௌனம்தான் குரோமிட்டோட அடையாளம். வேலையைக் குறைக்க எடுத்த முடிவு, பாத்திரத்தையே உருவாக்கிடுச்சு.

ஐடியா வேற, கதை வேற

சரி, நம்மூர் கதை ஒண்ணையே எடுத்துப் பார்ப்போம். அவிநாசியில எல்லாருக்கும் தெரிஞ்சது. இந்த ஊரோட பழைய பேர் திருப்புக்கொளியூர். ரெண்டு சின்னப் பசங்க நீர்நிலையில குளிக்கிறாங்க. ஒருத்தனை முதலை விழுங்கிடுது, இன்னொருத்தன் தப்பிச்சிடுறான். சில வருஷம் கழிச்சு சுந்தரர் அந்தத் தெரு வழியா வர்றார். ஒரு வீட்டுல தப்பிச்ச பையனுக்குப் பூணூல் கல்யாணம், மங்கல ஓசை. எதிர்வீட்டுல அழுகைச் சத்தம். விசாரிக்கிறார், பதிகம் பாடுறார். முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில விடுது. அதுவும் இடைப்பட்ட வருஷத்துக்கான வளர்ச்சியோட.

"சுந்தரர் முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்டார்" அப்படிங்கிறது ஒரு சம்பவம். இன்னும் குறும்படம் ஆகலை. இது யாரோட கதைங்கிற கேள்விக்குப் பதில் வந்தாத்தான் படம் ஆரம்பிக்கும்.

சுந்தரரோட கதைன்னா அது அற்புதத்தைப் பத்தின படம். தாயோட கதைன்னா காத்திருப்பைப் பத்தின படம். தப்பிச்ச பையனோட கதைன்னா? அவன் வீட்டுல விசேஷம். எதிர்வீட்டுல அழுகை. அவன் எந்தப் பக்கம் பார்ப்பான்? எனக்கு இந்த மூணாவதுதான் பிடிச்சிருக்கு.

இப்போ லாக்லைன் எழுதலாம்: "நண்பனை முதலைகிட்ட பறிகொடுத்துத் தப்பிச்ச பையன், தன் வீட்டு விசேஷத்தன்னைக்கு, இத்தனை வருஷமா ஏறெடுத்துப் பார்க்காத எதிர்வீட்டு வாசல்ல போய் நிக்கணும்." இதுல ஆள் இருக்கு, தடை இருக்கு, அவன் செய்ய வேண்டிய காரியம் இருக்கு. இந்த ஒரு வரி வராம ஸ்டோரிபோர்டுக்குப் போகாதீங்க.

அதோட தயாரிப்பும் சின்னதாயிடுச்சு, பாருங்க. ஒரு தெரு, ரெண்டு வாசல், ஒரு குளம். முதலை ரெண்டே ஷாட். கூட்டத்தை வரையவே வேண்டாம், மேளச் சத்தம் போதும்.

ஒரு விஷயம். இது பல பேருக்குப் பக்திக் கதை. பார்வையை மாத்தலாம், ஆனா மூலக்கதையைச் சரியாத் தெரிஞ்சுகிட்டு மாத்தணும். பெரியபுராணத்துல அந்தப் பகுதியைப் படிங்க. கோயிலுக்கும் தாமரைக்குளத்துக்கும் நோட்டோட போய் உட்கார்ந்து வரைங்க. கூகுள் படத்தைப் பார்த்து வரைஞ்ச தெருவுக்கும், நின்னு பார்த்து வரைஞ்ச தெருவுக்கும் வித்தியாசம் தெரியும்.

புரோட்டோ சாம்பிள்தான் அனிமேட்டிக்

இப்போ சாம்பிள் ரூமுக்கு வருவோம். பையர் டெக் பேக் அனுப்புறார். அளவு, ஜிஎஸ்எம், பிரிண்ட் எங்கே வரணும், எந்தத் தையல், எல்லாம் அதுல இருக்கும். நேரா ஆயிரம் பீஸ் வெட்டுவோமா? மாட்டோம். கையில இருக்கிற துணியில முதல்ல புரோட்டோ சாம்பிள் போடுவோம். கலர் வேறயா இருந்தாலும் பரவாயில்லை, அப்போ பார்க்கிறது உருவம் மட்டும்தான்.

அனிமேட்டிக் அதேதான். ஸ்டோரிபோர்டு படங்களை வரிசையா வச்சு, ஒவ்வொண்ணும் எத்தனை செகண்ட்னு முடிவு பண்ணி, தற்காலிகக் குரலும் சத்தமும் சேர்த்து ஓட விடுறது. குச்சி மனுசன் போதும். அழகா வரையாதீங்கன்னே சொல்வேன். அழகா வரைஞ்சிட்டா வெட்ட மனசு வராது.

அனிமேட்டிக்கைக் கதை தெரியாத நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்க. நடுவுல விளக்கம் சொல்லாதீங்க. முடிஞ்சதும் "நல்லா இருக்கா"ன்னு கேட்காதீங்க, "என்ன நடந்துச்சு, சொல்லுங்க"ன்னு கேளுங்க. எதிர்வீட்டுல அழுறது யாருன்னு அவங்களுக்குப் புரியலைன்னா, தப்பு படத்துலதான் இருக்கு. இந்தக் கட்டத்துல ஒரு காட்சியைத் தூக்குறதுக்கு ஆகிற செலவு ஒரு சாயந்தரம். வரைஞ்சு கலர் போட்டப்புறம் தூக்கினா ஒரு மாசம். வெட்டின துணியை ஒட்ட முடியாதுங்க.

பிபி சாம்பிள்தான் பத்து செகண்ட்

பல்க் கட்டிங்குக்கு முன்னாடி கடைசியா பிபி சாம்பிள் போடுவோம். அசல் துணி, அசல் கலர், அசல் லேபிள். அதே மாதிரி உங்க படத்துல 10 செகண்டை மட்டும் முழுசா முடிங்க. அனிமேஷன், கலர், பின்னணி, சவுண்ட், எல்லாம். லேசான ஷாட்டை எடுக்காதீங்க, நடுத்தரமான ஷாட்டை எடுங்க.

அதுக்கு ஆன நாளை எழுதி வைங்க. 120 படம் வரைய 8 நாள், கலரும் மத்த வேலையும் 3 நாள்னு வச்சுக்குவோம். மொத்தம் 11 நாள். 3 நிமிஷப் படத்துல 18 தடவை பத்து செகண்ட் இருக்கு. 18 பெருக்கல் 11, 198 நாள். கையில 140 நாள்தான் இருக்குன்னா, 2 நிமிஷமாக் குறைங்க: 132 நாள். இல்லைன்னா கூட ஒரு ஆளைச் சேருங்க, அல்லது ஸ்டைலை எளிமையாக்குங்க. இந்த மூணைத் தவிர வேற வழி இல்லை. "ராத்திரி முழிச்சு முடிச்சிடலாம்" அப்படிங்கிறது திட்டம் இல்லைங்க.

சாஃப்ட்வேருக்குக் காசு இல்லையேன்னு நிக்க வேண்டாம். கிரிட்டா, பிளெண்டர், ஓபன்டூன்ஸ் மூணும் இலவசம். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்குன 'ஃப்ளோ', பிளெண்டர்ல பண்ணினது. அதுலயும் வசனமே கிடையாது.

பிட்ச்

இதுவரை பண்ணினது எல்லாம் சேர்ந்ததுதான் பிட்ச். தனியா ஒண்ணும் தயாரிக்க வேண்டியதில்லை. லாக்லைன், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், பாத்திரங்களோட வரைபடம், படத்தோட தோற்றத்தைக் காட்டுற ரெண்டு மூணு ஃபிரேம், அனிமேட்டிக், அந்தப் பத்து செகண்ட், நாள் கணக்கு, பட்ஜெட். காலேஜ் ரிவ்யூவா இருந்தாலும், 2025 மே மாசம் மும்பையில நடந்த வேவ்ஸ் மாநாட்டு அனிமேஷன் போட்டி மாதிரி பெரிய மேடையா இருந்தாலும், எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க மனசுல இருக்கிறது நாலே கேள்வி.

ஏன் இந்தக் கதை? ஏன் அனிமேஷன்? ஏன் நீங்க? எப்போ முடியும்?

நம்ம உதாரணத்துக்குப் பதில் சொல்லிப் பார்ப்போம். தப்பிச்சவனோட குற்ற உணர்ச்சி எந்தக் காலத்துக்கும் பொதுவானது, அதனால இந்தக் கதை. வற்றின நீர் பெருகுறதும், விழுங்கின பிள்ளை வளர்ந்து திரும்புறதும் வரைஞ்சாத்தான் நம்பும்படி இருக்கும், அதனால அனிமேஷன். அந்தக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க, அதனால நாங்க. பத்து செகண்டை முடிச்சுப் பார்த்துட்டோம், 132 நாள் ஆகும்.

மத்த மூணையும் பலர் நல்லாப் பேசிடுவாங்க. நாலாவதுக்குக் கையில ஆதாரம் வச்சிருக்கிறவங்க ரொம்பக் கம்மி. சாம்பிள் இல்லாம ஆர்டர் கேட்கிற ஆளை எந்தப் பையரும் நம்ப மாட்டார். பிட்ச்லயும் அதே நிலைமைதான்.

ஆகவே, இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்க ஐடியாவுக்கு நேரா "இது யாரோட கதை?"ன்னு எழுதி, மூணு வெவ்வேற பதில் எழுதுங்க. அதுல எதை ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியும்னு பாருங்க.

லாக்லைன் எழுதினவங்க அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதை எடுத்துப் பேசலாம். வர்றேங்க, வணக்கம்.