துணி சொல்லும் எண்ணெய்க் கணக்கு

துவைத்து, வெயிலில் காய்ந்து, நாலாக மடித்து அலமாரியில் இருந்த துண்டுதான். கையில் எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் தொக்கணம் முடிந்து வெதுவெதுப்பாக இருந்த என் முதுகின்மேல் விரித்ததும் கிளம்பியது ஒரு வாடை. அப்பளம் பொரித்த எண்ணெயை ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை. ஊர் பேர் வேண்டாம். தெற்கே ஒரு சின்னச் சித்த மருத்துவமனை. முதுகுவலிக்குப் போன இடத்தில் மூக்குக்கு வேலை வந்துவிட்டது.

அன்றைக்கே சலவைக்காரப் பெரியவர் மூட்டையோடு வந்தார். வந்ததும் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி: “அம்மா, போன மாசத்துல இருந்து எண்ணெய மாத்திட்டீங்களா?”

“ஆமாண்ணே, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“துணி சொல்லுதுல்லா. முன்ன உள்ளது சாதா சோப்புக்கே போயிரும். இப்ப சோடாவுல ஊறவச்சு அடிச்சாலும் மடிப்புல மஞ்ச நிக்கி.”

முன்பு பெரும்பாலும் கற்பூராதி தைலம். தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவது. இப்போது பிண்ட தைலம்; நல்லெண்ணெயில் காய்ச்சுவது. வாதமா பித்தமா என்று பார்த்து மருத்துவர் எண்ணெயை மாற்றினார். அதைத் துணி வழியாகவே கண்டுபிடித்துவிட்டார் பெரியவர். எண்ணெய் வாங்கும்போது வைத்தியரைக் கேட்கிறோம், சோப்பு வாங்கும்போது கடைக்காரரைக் கேட்கிறோம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் மனிதரை யாரும் கேட்பதில்லை.

அவர் கண்டதற்கு வேதியியலில் ஓர் எண் உண்டு. அயோடின் எண் என்பார்கள். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்ற கணக்கு. 1884-இல் ஹியூபல் என்பவர் வகுத்த முறை. எண்ணெய் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்திருக்கும் இடங்களில்தான் அயோடின் போய் உட்காரும். ஆக்சிஜனும் அந்த இடங்களை ஒட்டித்தான் கைவைக்கும். தேங்காய் எண்ணெய்க்கு இந்த எண் 6 முதல் 11 வரை. விளக்கெண்ணெய்க்கு 82 முதல் 90. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120. வண்ணப்பூச்சில் சேர்க்கிற ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். எண் கூடக் கூட, எண்ணெய் காற்றோடு வேகமாக உறவாடும்.

அப்படியானால் நல்லெண்ணெய் பாட்டிலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே என்று கேட்கலாம். எள்ளில் செசமோலின், செசமோல் போன்ற காப்புப் பொருள்கள் இயற்கையாகவே உள்ளன. தவிர, பாட்டிலில் காற்று படுவது கழுத்தளவு வட்டத்தில் மட்டும். அதே எண்ணெய் ஒரு டர்க்கித் துண்டில் இறங்கிவிட்டால் ஒவ்வொரு நூலிழையையும் சுற்றி மெல்லிய தோலாகப் படர்கிறது. அதற்குமேல் அதன் உடம்பெல்லாம் காற்றுதான். காப்புப் பொருள் எத்தனை நாள் தாங்கும்? அது தீர்ந்ததும் எண்ணெய் உடைந்து ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகள் வெளியேறும். மிகச் சொற்ப அளவிலேயே மூக்கு அவற்றைப் பிடித்துவிடும். குளிர்ந்த துண்டில் அடங்கிக் கிடந்தது, என் முதுகுச் சூட்டில் எழுந்துவிட்டது. அவ்வளவுதான் ரகசியம்.

வாடைகூடப் பரவாயில்லை, மஞ்சள்தான் வில்லங்கம். ஆக்சிஜன் ஏறிய எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பெரிய வலையாகிவிடுகின்றன. வாணலியின் வெளி விளிம்பில் அரக்கு நிறத்தில் ஒரு பிசின் பிடித்திருக்குமே, தேய்த்துத் தேய்த்து நகம் போகும், அதே சமாசாரம். அந்த நிலைக்குப் போனபின் அது எண்ணெய் இல்லை, கிட்டத்தட்ட வார்னிஷ். சோப்பு எண்ணெயைச் சூழ்ந்து தூக்கிப் போகத் தெரிந்தது. வார்னிஷைத் தூக்க அதனால் ஆகாது. உடனே ஆளுக்கொரு மூடி பிளீச்சிங் ஊற்றுவார்கள். நிறம் சற்றே வெளுக்கும், பிசுக்கு அப்படியே இருக்கும், பருத்தி மட்டும் நைந்துபோகும்.

பிண்ட தைலத்தில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது: தேன்மெழுகும் குங்கிலியமும் மஞ்சிட்டியும். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரி செல்சியஸுக்கு மேல். குழாய்த் தண்ணீரில் அலசினால் எண்ணெயில் கொஞ்சம் போகலாம். மெழுகு நூலோடு ஒட்டிக்கொண்டு மிச்ச எண்ணெய்க்கும் மஞ்சிட்டிச் சிவப்புக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிடும். தேங்காய் எண்ணெயும் எல்லா ஊரிலும் சாது இல்லை. 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். திருநெல்வேலியில் தானாகக் கழன்று போகும் எண்ணெய், ஊட்டிக் குழாயடியில் துண்டுக்குள்ளேயே வெள்ளைக் கொழுப்பாய்க் கட்டிக்கொள்ளும்.

இதனாலேயே பிசியோதெரபி நிலையங்களில் சிலர் லிக்விட் பாரஃபினுக்குப் போகிறார்கள். இரட்டைப் பிணைப்பே இல்லாத கனிம எண்ணெய். சிக்கு வாடைக்கு இடமில்லை. ஆனால் அதில் கொழுப்பமிலமும் இல்லை. ஆகவே காரத்தால் சோப்பாக மாறாது. சலவைத்தூளில் கொழுப்பை அறுப்பதற்காகச் சேர்க்கும் லைப்பேஸ் நொதிக்கும் அங்கே வெட்ட ஒன்றும் கிடைக்காது. (1988-இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் லிப்போலேஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது அந்த நொதியை.) அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்குத் தடவும் ஜெல்லோ பெரும்பகுதி தண்ணீர்தான். துவைப்பவரைப் பொறுத்தவரை அது விருந்தாளி. வந்த வழியே போய்விடும். எண்ணெய் செய்யும் வேலையை ஜெல் செய்துவிடாது என்பது வேறு விஷயம்.

துணியும் இதில் கட்சி கட்டும். இஸ்திரி தேவையில்லை, சீக்கிரம் காயும் என்று பாலியெஸ்டர் கலந்த விரிப்பு வாங்குகிறோம். பருத்தி தண்ணீரை விரும்பும் இழை. பாலியெஸ்டர் எண்ணெயை விரும்பும் இழை. தண்ணீருக்குள் போட்டாலும் அது எண்ணெயை விட்டுக் கொடுக்காது. எண்ணெய்ச் சிகிச்சைக்குக் கலப்புத் துணி வாங்குவது தெரிந்தே வம்பை விலைக்கு வாங்குவது என்பேன்.

வெள்ளாவி வைத்த தலைமுறை இதையெல்லாம் எப்படிச் சமாளித்தது? உவர்மண் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து, கொதிக்கும் பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றுக் கல்லில் அடித்தார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். கடையில் சலவை சோடா என்று விற்பதும் அதுவே. எண்ணெய் சிதைந்து உண்டாகும் கொழுப்பமிலத்தைக் காரம் அங்கேயே சோப்பாக்கிவிடும். ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் சலவைக்கு ஒரு வட்டம் வரைந்தார்: ரசாயனம், அடி, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். வெள்ளாவியில் நான்கும் தாராளம். நாம் எந்திரத்தைக் கழுத்துவரை திணித்து அடியைக் குறைத்தோம், கரண்ட் பில்லுக்குப் பயந்து வெப்பத்தைக் குறைத்தோம், அவசர அலசலை அழுத்தி நேரத்தையும் குறைத்தோம். மிஞ்சிய ரசாயனத்தின் தலையில் எல்லாப் பாரத்தையும் வைத்துவிட்டுத் தூள் சரியில்லை என்கிறோம். போர்வெல் உப்புத்தண்ணியாக இருந்தால் அதிலும் பாதி போச்சு. சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து சாம்பல் நிறக் கசடாகத் துணியிலேயே படியும். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் முதலில் என்று பழகிய மருத்துவமனைக் கைகள் எண்ணெய்த் துணியையும் அப்படியே முக்குவதுண்டு. எண்ணெய்க்கு முதல் தண்ணீரே வெந்நீராக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது அழுக்குக் கதை. நெருப்புக் கதையும் இருக்கிறது. எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவரும். கொடியில் விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். குவித்து வைத்தால் போக வழியில்லை. பருத்தியே நல்ல போர்வை. சூடு ஏற ஏற வினை வேகம் பிடிக்கும், வினை வேகம் பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறும். கடைசியில் தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ‘ஒன் மெரிடியன் பிளாசா’ கட்டடம் எரிந்தது இப்படித்தான். மரவேலைக்காரர்கள் 22-ஆம் மாடியில் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணியில் தொடங்கிய தீ. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மசாஜ் துண்டுகளுக்கும் இது பொருந்தும். அரைகுறையாக எண்ணெய் போன துண்டுகளை டிரையரில் சுடச்சுடக் காயவைத்து, ஆறவிடாமல் அடுக்கி மூடிவைத்தால் ஆபத்து. பிரிட்டனில் தீயணைப்புத் துறையினர் மசாஜ் நிலையங்களை இதற்காகவே எச்சரிப்பதுண்டு. டிரையரின் கடைசிச் சில நிமிடம் சூடில்லாமல் சுற்றுவது ஏன் என்று யோசித்து, அவசரத்தில் கதவைத் திறந்துவிடுபவர்கள் இனித் திறக்க வேண்டாம். நம் ஊரில் மொட்டை மாடிக் கொடி பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிவிடுகிறது.

வெயிலுக்கு இன்னொரு வேலையும் தெரியும். நால்பாமராதி போல மஞ்சள் சேர்ந்த தைலம் பட்ட துண்டில் சோப்புப் போட்டால் கறை திடீரென்று ரத்தச் சிவப்பாகும். புதிதாக வேலைக்கு வந்தவர் பதறிப்போவார். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமமாகிற அதே வினை. காரம் போனதும் மறுபடி மஞ்சளாகிவிடும். வெயிலில் ஈரத்தோடு விரித்தால் அந்த மஞ்சளின் குர்குமின் ஒளியில் சிதைந்து வெளுத்தும் விடும். அடியில் இருக்கும் எண்ணெயை வெயில் கவனிக்காது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். பிண்ட தைலம் அப்படியேதான் இருந்தது. அது நோயாளிக்கு வேண்டிய எண்ணெய், துணிக்காக அதை மாற்றக் கூடாதுதான். ஆனால் தொக்கணம் முடிந்ததும் துண்டு வரவில்லை. முதலில் பயற்றமாவைத் தூவித் தேய்த்தார்கள். உடம்பில் நின்ற எண்ணெயை மாவு குடித்தது. பிறகு பழைய வேட்டிக் கிழிசலால் ஒரு துடைப்பு. அதன்பிறகுதான் துண்டு. எண்ணெய்த் துணிக்குத் தனிக் கூடை. அன்றைய மூட்டை அன்றைக்கே பெரியவர் வீட்டுக்குப் போய்விடுகிறது.

வெளுத்த துணியை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒவ்வொரு துண்டாக மடிப்போரம் இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி அழுத்தி, அந்தச் சூட்டோடு மூக்கருகே கொண்டுபோனார். பதினொன்றில் இரண்டைத் தனியே எடுத்து வைத்தார்.

“இது ரெண்டும் தேறாது அம்மா. இது பழசு, முன்னமே ஏறிட்டு.”